விலை இறங்கினால் ஏழைக்கு நல்லதுதானே?

திருவாரூர் மாணவி:
விலைவாசி ஏறினால் முதலில் அடிபடுவது ஏழைதான் என்கிறார்கள். அப்படியானால் இறங்கினால் அவருக்கு நல்லதுதானே? பணவீக்கத்தைவிடப் பணவாட்டம், அதாவது விலைவாசி தொடர்ந்து இறங்குவது, மோசம் என்று எங்கள் பேராசிரியர் சொன்னார். காரணம் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது.

நீடாமங்கலத்துக்காரர்:
கூட்டுறவுச் சங்கத்தில் கடன் பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவன் நான். கடனை எழுதுவது ரூபாயில். அடைப்பது நெல்லை விற்று. சிக்கல் அங்கேதான்.

1930களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பத்திரத்தில் எழுதிய வட்டி சரியவில்லை. பத்துக் கலம் விற்றுக் கட்டிய வட்டிக்கு இருபது கலம் அளக்க வேண்டியதாயிற்று. முடியாதவர் நிலத்தை விற்றார். அதன் விலையும் படுத்துக் கிடந்தது. ரொக்கம் வைத்திருந்தவர் வாங்கிப் போட்டார். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கைக்குப் போன நிலம் 1930-ல் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். அவர்கள் கேட்டது பணத்தை, வந்து சேர்ந்ததோ வயல்!

இங்கே 1938-ல் ராஜாஜி அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன்களுக்கு, 1937 அக்டோபர் வரை நின்ற வட்டி ரத்து. அதற்குள் எத்தனையோ பட்டா கைமாறிவிட்டது.

பூதலூர்:
நிலம் இருந்தவர் கதை இது. என் பாட்டிக்கு அறுப்புக் கூலி நெல். மரக்காலில் அளந்து முந்தானையில் கொட்டுவார்கள். அரிசி விலை ஏறினால் அவருக்கென்ன? ஆனால் நெல் விலை படுத்தால் மிராசுதார் இரண்டாம் களையெடுப்பை நிறுத்திவிடுவார், வேலையே இருக்காது. இன்று என் அக்காவுக்குக் கூலி ரூபாயில். பருப்பும் எண்ணெயும் நினைத்தபோது ஏறுகின்றன. நடவுக்கூலி ஏற அடுத்த சம்பா வர வேண்டும். ரேஷன் அரிசி இலவசம் என்பதால் சமாளிக்கிறோம்.

திருவாரூர் மாணவி:
அப்படியானால் கடன் வாங்கியவருக்குப் பணவீக்கம் லாபமா?

நீடாமங்கலத்துக்காரர்:
இருபது ஆண்டு வீட்டுக்கடனை மாறாத வட்டியில் வாங்கியவருக்கு லாபம்தான், சம்பளமும் கூடவே ஏறினால். தண்டல் வாங்கியவருக்கு இல்லை. வட்டியை முதலிலேயே பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள். பிறகு அன்றாடம் வாசலில் வசூல், நூறு நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். நூறு நாளில் ரூபாய் எவ்வளவு தேயும்? நீண்ட தவணைக்கு ஈடு காட்ட வீடோ நிலமோ வேண்டும். பூதலூர் நண்பரின் அக்காவிடம் எந்த வங்கி இருபது ஆண்டுத் தவணை பேசும்?