இருமுனை அம்பை எந்தப் பக்கம் வரைவது?

கோத்தகிரி பிளஸ் டூ:
மூலக்கூறில் எந்த முனை பிளஸ், எது மைனஸ் என்று காட்டுவதுதானே இருமுனை அம்பு? ஹைட்ரஜன் குளோரைடுக்கு அதைக் குளோரின் பக்கம் போடு என்கிறார் டியூஷன் சார். இயற்பியல் புத்தகத்தில் மைனஸிலிருந்து பிளஸ் பக்கம் என்று இருக்கிறது, அப்படியென்றால் ஹைட்ரஜன் பக்கம். எது சரி? அப்புறம், இருமுனைத் திருப்புத்திறன் (இருமுனையின் வலிமை, அலகு டிபை) அம்மோனியாவுக்கு 1.47 டிபை, நைட்ரஜன் டிரைஃபுளூரைடுக்கு வெறும் 0.23. ஃபுளூரின் அவ்வளவு இழுக்குமே, ஏன் குறைகிறது? நாளைக்குப் பரீட்சை. மழையில் கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது.

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
இரண்டும் சரிதான் பாப்பா. எலக்ட்ரான் சாயும் பக்கத்தைக் காட்டுவது வேதியியல்காரர்களின் பழைய வழக்கம். அந்த அம்பின் வாலில், பிளஸ் முனையில், ஒரு குறுக்குக்கோடு இருக்கும். இயற்பியலின் அம்பு (வெக்டர்) நேர் எதிர். வேதியியல் வழக்கங்களை வகுக்கும் உலக அமைப்பான ஐயுபிஏசியும் இப்போது அந்த இயற்பியல் திசையையே சொல்கிறது. எதை வரைந்தாலும் முனைகளில் டெல்டா பிளஸ், டெல்டா மைனஸ் (பகுதி மின்சுமைக் குறிகள்) எழுதிவிடு. பேப்பர் திருத்துகிறவர் வம்புக்கு வர முடியாது.

அடுத்த கேள்விக்குக் குறுக்குக்கோட்டு அம்பே போதும். நைட்ரஜனை மேலே வை, மற்ற மூன்றும் கீழே. எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் திறன், நைட்ரஜனுக்கு 3.04, ஹைட்ரஜனுக்கு 2.20. அதனால் அம்மோனியாவில் மூன்று பிணைப்பு அம்புகளும் மேல்நோக்கி. பிணைப்பில் சேராத தனித்த இரட்டை எலக்ட்ரானும் நைட்ரஜனின் தலைக்கு மேல்தான், அதன் அம்பும் மேலே. எல்லாம் கூடுகிறது. ஃபுளூரினுக்கு 3.98, அங்கே பிணைப்பு அம்புகள் கீழே திரும்பிவிடும், தனித்த இரட்டை மட்டும் மேலே. சேற்றில் மாட்டிய ஜீப்பை மூன்று பேர் முன்னால் இழுக்க, ஒருவர் பின்னால் இழுத்த கதை. வித்தியாசத்தை மட்டும் கழித்துப் பார்த்து விடை எழுதுகிற பிள்ளைகள் மாட்டுவது இங்கேதான்.

ஊட்டி எம்.எஸ்சி.:
சார், கார்பன் மோனாக்சைடை விட்டுவிட்டீர்களே! ஆக்சிஜன் 3.44, கார்பன் 2.55. ஆனால் மைனஸ் முனை கார்பன்.

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
பரீட்சைக்கு முந்தின நாள் குழப்ப வேண்டாம் என்றுதான் விட்டேன் தம்பி. மூன்றாவது பிணைப்புக்கு ஆக்சிஜன் தன் எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது, கார்பனின் தனித்த இரட்டை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதனால் திசை புரள்கிறது, அளவும் சுமார் 0.11 டிபைதான். ஹீமோகுளோபினின் இரும்பைப் பிடிப்பதும் அந்தக் கார்பன் முனையே. இந்த நச்சுவாயுவைக் கக்கும் கரியடுப்பைப் பனிக்காலத்தில் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர்கள் நம் மலையில் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

கோத்தகிரி பிளஸ் டூ:
எங்கள் பாட்டியும் அப்படித்தான் சார், சொல்லிவிடுகிறேன். கார்பன் டெட்ராகுளோரைடு பூஜ்யம்தானே?

குன்னூர் வாத்தியார் (ஓய்வு):
ஆமாம், நான்முகி வடிவத்தில் நாலு பிணைப்பு அம்புகளும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஒரு குளோரினை எடுத்து ஹைட்ரஜன் வைத்தால் குளோரோஃபார்ம், 1.04 டிபை. குறுக்குக்கோட்டு அம்பு குளோரின்கள் பக்கம்.