கைபடல், கைப்பிழை: கால்பந்து விதித்தாளுக்குச் சொல் தேடி

கும்பகோணத்திலிருந்து

அன்பர்களுக்கு வணக்கம். கோடைப் போட்டிகளில் விசில் பிடிப்பவர்களுக்காகத் தயாராகும் தமிழ்க் கால்பந்து விதித்தாள் பன்னிரண்டாம் விதியில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. பந்து கையில் படுகிற ‘ஹேண்ட்பாலுக்கு’ வரைவில் ‘கைப்பந்து’ என்று போட்டிருக்கிறார்கள். நம் பக்கத்தில் கைப்பந்து என்றால் வலை கட்டி ஆடும் வாலிபால். ‘பாக்ஸுக்குள் கைப்பந்து ஆடினால் பெனால்டி’ என்று அச்சடித்துக் கொடுத்தால் சிரிப்பார்கள். என் முன்மொழிவு ‘கைத்தொடுகை’. மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து

கைப்பந்து போகட்டும். கைத்தொடுகையும் உதவாது. தொடுவது ஆள் செய்கிற வேலை, படுவது தானாக நடப்பது. ‘கையால் தொட்டான்’ என்று எழுதும்போதே பாதித் தீர்ப்பு வந்துவிடுகிறது. கையில் பட்டதெல்லாம் குற்றமாகாது என்று விதியே எழுதிவைத்திருக்கிறது. குற்றமாவது மூன்று வகையில். வேண்டுமென்றே தொட்டால், உதாரணமாகக் கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோனால், ஒன்று. உடலை இயல்புக்கு மீறி அகலமாக்கி நின்று அந்தக் கையில் பந்து பட்டால் இன்னொன்று. பந்து தன் கையில் பட்டு நேராக எதிரணிக் கோலுக்குள் போனாலோ, பட்ட மறுகணமே அதே ஆள் கோல் போட்டாலோ, அது தற்செயலே ஆனாலும், மூன்றாவது.

ஆகவே இரண்டு சொல் வேண்டும். பந்து கையில் பட்ட நிகழ்ச்சிக்குக் ‘கைபடல்’. அதை நடுவர் குற்றம் என்று முடிவுசெய்தால் ‘கைப்பிழை’. ‘கைபடல்தான், கைப்பிழை இல்லை, ஆட்டம் தொடரட்டும்’ என்று நடுவர் ஒரே வரியில் சொல்லிவிடலாம். இப்போது ‘ஹேண்டுதான், ஆனா ஹேண்டு இல்லை’ என்று சொல்லிவிட்டு அடி வாங்குகிறார்கள்.

‘கைக்குற்றம்’ என்று சிலர் கேட்கக்கூடும். குற்றம் என்றால் எண்ணம் இருந்தாக வேண்டும் என்று நம் காதில் விழுகிறது. மூன்றாவது வகையில் எண்ணத்துக்கு வேலையே இல்லை. பிழை என்பது அறிந்ததற்கும் அறியாததற்கும் பொது.

திருவாரூரிலிருந்து

மைதானத்தில் எவனும் ‘கைப்பிழை’ என்று கத்தப் போவதில்லை. ‘ஹேண்டு!’ என்றுதான் இருபத்திரண்டு பேரும் கத்துவார்கள், கூடவே வரப்பில் நிற்கிற ஊரும். பெனால்டியைத் ‘தண்ட உதை’ ஆக்குகிற யோசனை வேறு வரைவின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. பெனால்டி தமிழாகிப் பல காலம் ஆயிற்று, அதைக் கிளறாதீர்கள். இலங்கைத் தமிழர் உதைபந்தாட்டம், மத்தியஸ்தர் என்கிறார்கள், அழகாகவே இருக்கிறது. ஆனால் இங்கே நடுவரை மத்தியஸ்தர் என்றால் பாகப்பிரிவினைக்கு வந்தவர் என்று நினைப்பார்கள்.

மன்னார்குடியிலிருந்து

திருவாரூர் நண்பர் சொல்வது கத்துகிறவர்களுக்குப் பொருந்தும். விதித்தாள் தீர்ப்புச் சொல்கிறவருக்கு. கைபடல், கைப்பிழை இரண்டையும் ஏற்கிறேன். ஆனால் ‘கை’ எங்கே முடிகிறது என்பதை எழுதாவிட்டால் இந்தச் சொற்களே சண்டைக்கு வழி. தமிழில் விரல் நுனியிலிருந்து மேலே எல்லாமே கைதான். அதுவரை நமக்கு வசதி, ஆங்கில விதிபோலக் ‘கை அல்லது புயம்’ என்று இரட்டையாக எழுத வேண்டாம். மேல் எல்லையில்தான் சிக்கல். ‘தோள் வரை’ என்று வரைவில் இருக்கிறது. பழைய தமிழில் தோள் என்பது மேற்கையையும் சேர்த்துச் சொன்னது. இன்றைக்கும் தோளில் துண்டு போடும் இடம் ஒருவருக்கு ஓரிடம். விதியின் எல்லை தெளிவானது: அக்குளின் அடிமட்டத்துக்கு நேராக ஒரு கோடு. அதற்குக் கீழே கை, மேலே பட்டால் கைபடலே இல்லை. ஜெர்சிக் கை எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டாம், தையல் ஆளுக்கு ஆள் மாறும். ‘அக்குள் மட்டம்’ என்றே போடுங்கள்.

அடுத்தது அந்த இயல்புக்கு மீறிய அகலம். இதற்குத்தான் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘உடற்பெருக்கம்’ என்றால் மருத்துவமனை நினைவு. ‘கைவிரிப்பு’ என்றால் கடன் கேட்டவனுக்குச் சொல்லும் பதில். காவிரிக்கரைக்காரர்கள் ஆயிற்றே என்று ‘அணைகை’ என்று ஒருவர் தனியே எழுதியிருந்தார். பந்தின் வழியில் கை அணைபோல் நிற்கிறதாம். கருத்து சரி, ஆனால் அணைக்கிற கை என்றுதான் படிப்பார்கள். நான் சொல்வது ‘அகட்டல்’. காலை அகட்டி நிற்பது எல்லோருக்கும் தெரியும். ‘கையகட்டல்’ என்றால் விளக்கவுரை வேண்டாம்.

எது அகட்டல் என்பதற்கு அளவுகோல் கையின் உயரமோ தூரமோ இல்லை. அந்த நேரத்து உடல் அசைவுக்கு அந்தக் கை அங்கே இருப்பது பொருந்துகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. பொருந்தாத இடத்தில் கையை வைத்தவன், பந்து வந்து படும் ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டவன். ஓடும்போது கை வீசத்தான் செய்யும். தலையால் முட்ட எழும்புகிறவன் கையைத் தூக்காமல் எழும்ப முடியாது. சறுக்கி விழுகிறவன் தரையில் ஊன்றிய கையில் பந்து பட்டால் பெரும்பாலும் கைபடலோடு முடியும். அதே ஆள் சறுக்கும்போது மறு கையைப் பக்கவாட்டில் நீட்டி, ஓரத்திலிருந்து கோல் பக்கம் வரும் பந்தை (கிராஸை) மறித்தால் கைப்பிழை.

நம் மண்ணுக்கென்று ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். சம்பா அறுவடைக்குப் பிறகு களிமண் வயலை மட்டம் தட்டித்தான் பல ஊரில் மைதானம். சித்திரை வெயிலில் அது வெடித்துக் கிடக்கும், பாளத்தின் விளிம்பில் பட்ட பந்து எங்கே எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுவர் பந்தின் பின்னால் கண்ணை ஓட்டினால் கையைத் தவறவிடுவார். உதை விழுந்ததும் பார்வை தடுப்பாட்டக்காரரின் தோளுக்கும் முழங்கைக்கும் போக வேண்டும். பந்து வருவதற்கு முன் கை எங்கே இருந்தது என்பதுதான் சாட்சி. விசிலை ஒரு மூச்சு தாமதித்தாலும் குடி முழுகாது.

‘பந்து கைக்கு வந்ததா, கை பந்துக்குப் போனதா’ என்ற பழைய வாய்ப்பாட்டை விதித்தாளில் சேர்க்க வேண்டாம். அகட்டிய கைக்குப் பந்துதான் வருகிறது. அப்போதும் அது கைப்பிழை. பந்து வந்த தூரத்தைக் கணக்கில் எடுக்கச் சொன்ன வரி 2019-க்கு முந்தைய விதியில் இருந்தது, இப்போதைய வாசகத்தில் கிடையாது. மூத்த நடுவர்கள் இன்னும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள்.

காரைக்காலிலிருந்து

அகட்டலுக்கு என் ஓட்டு. கைப்பிழையை இரண்டாகப் பிரித்தே எழுதுங்கள், ஏனென்றால் அட்டையின் நிறம் அதில் மாறுகிறது. தெரிந்தே கையால் தடுத்து, உறுதியான கோலையோ கோல் வாய்ப்பையோ கெடுத்தால் சிவப்பு. 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கானாவுக்கு எதிராக உருகுவேயின் சுவாரஸ் கோல் கோட்டில் நின்று செய்தது இதுதான். சிவப்பும் பெனால்டியும் கிடைத்தன. கானாவின் கியான் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுப் போயிற்று, ஷூட்டவுட்டில் உருகுவே வென்றது. அகட்டிய கையால் அதே வாய்ப்பு கெட்டு, அதற்குப் பெனால்டியும் கொடுத்தால், 2024-25 பருவத்திலிருந்து மஞ்சள்தான். பெட்டிக்கு (பெனால்டி பாக்ஸுக்கு) வெளியே நடந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே ‘தெரிந்த கைப்பிழை’, ‘அகட்டிய கைப்பிழை’.

கோல் போட்டவரின் கைபடல் பற்றி மயிலாடுதுறை எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். கூட்டாளியின் கையில் தற்செயலாகப் பட்டு, இவர் கோல் போட்டால், 2021-லிருந்து அந்தக் கோல் செல்லும். 2019 விதியை மனப்பாடம் செய்தவர்கள் இன்னும் இதை ரத்து செய்துகொண்டிருக்கிறார்கள்.

எங்கே பட்டது என்பதற்கும் ஒரு வரி வேண்டும். கால் பெட்டிக்குள் இருந்தாலும், கை வெளியே நீண்டு அங்கே பந்து பட்டிருந்தால் பெனால்டி இல்லை, வெளியிலிருந்து நேரடி உதை (நேராகவே கோல் அடிக்கக்கூடிய ஃப்ரீ கிக்). கோடு பெட்டியைச் சேர்ந்தது. பெட்டியின் பதினாறரை மீட்டர்க் கோட்டை இரண்டாம் பாதிக்கு முன் மறுபடி சுண்ணாம்பு தூவிப் போடச் சொல்லுங்கள். அது மிதிபட்டு அழிந்த பிறகுதான் பெரும்பாலான தகராறு. பதினொன்றாம் மீட்டர்ப் பெனால்டிப் புள்ளியும் குதிகாலால் குழிந்துவிடும். பந்தை அரை அடி தள்ளி வைக்க அனுமதிக்க வேண்டாம், குழியை மண் போட்டு மிதித்து நிரப்பலாம். பந்தின் ஏதாவது ஒரு பகுதி புள்ளியின் நடுவைத் தொட்டோ அதற்கு நேர்மேலோ இருக்க வேண்டும்.

திருவாரூரிலிருந்து

சரி, கைபடல், கைப்பிழை, அகட்டல், மூன்றையும் ஏற்கிறேன். பெனால்டி பெனால்டியாகவே இருக்கட்டும்.

கும்பகோணத்திலிருந்து

அப்படியே திருத்துகிறேன். கோல்கீப்பர் பத்தி மட்டும் பாக்கி. தன் பெட்டிக்கு வெளியே அவரும் மற்ற ஆட்டக்காரர்போலத்தான், அங்கே கைப்பிழை என்ற சொல் அவருக்கும் வரும். பெட்டிக்குள், தன் அணிக்காரர் வேண்டுமென்றே காலால் தள்ளிக்கொடுத்த பந்தைக் கையில் எடுத்தால் அதைக் கைப்பிழை என்று எழுத வேண்டாம். எழுதினால் பெனால்டி கேட்பார்கள். அதற்கு மறைமுக உதைதான் (நேராகக் கோல் அடிக்க முடியாத ஃப்ரீ கிக்). எடுத்த இடம் ஐந்தரை மீட்டர்ச் சின்னப் பெட்டிக்குள் என்றால், கோல் கோட்டுக்கு இணையான அதன் முன்கோட்டில், அந்த இடத்துக்கு மிக அருகில் பந்தை வைத்து உதைக்க வேண்டும். இதற்கு ‘பேக் பாஸ்’ என்றே போட்டிருக்கிறேன். நல்ல சொல் தோன்றினால், தாள் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.