மேடு ஏறும்போது இழுவை போகிறது, அணைந்தால் அரை மணி நேரத்துக்கு ஸ்டார்ட் ஆவதில்லை

நீலக்கார்:

எல்லோருக்கும் வணக்கம். பெட்ரோல் வண்டி, 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர், மேனுவல் கியர். 11 வருடமாகிறது, 1,34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

காலையில் சாவியைத் திருப்பியதும் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் எங்காவது போய்வந்தால் ஒரு குறையும் தெரியாது. முக்கால் மணி நேரம் விடாமல் ஓட்டிய பிறகு ஒரு நல்ல மேடு வந்தால்தான் தொல்லை. மூன்றாவது கியரில் மிதிக்க மிதிக்க வேகம் குறைகிறது. வண்டி திணறும், இரண்டு மூன்று தடவை குலுங்கும், அப்புறம் அணைந்துவிடும். செல்ஃப் நன்றாக அடிக்கிறது, ஆனால் பற்றாது. அரை மணி நேரம் விட்டு எடுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது.

மூன்று வாரத்தில் நான்கு முறை இப்படி ஆகிவிட்டது. கடைசியாக ஒரு வளைவில் நின்றபோது பின் சீட்டில் அம்மா, எங்களுக்குப் பின்னால் பாரம் ஏற்றிய லாரி. அன்றிலிருந்து அம்மாவை இந்த வண்டியில் ஏற்றவில்லை.

பேட்டரி, நான்கு பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஸ்கேனரில் எந்த எரர் கோடும் (பிழை எண்) இல்லை. ஒரு மெக்கானிக் என்ஜின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சார் என்கிறார், இன்னொருவர் டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பியூவல் பம்ப் என்கிறார். எதை நம்புவது?

ஐந்தாம்கியர்:

எனக்கும் இப்படித்தான், சூடானால் அணையும், ஆறினால் ஸ்டார்ட் ஆகும். ஸ்கேனரில் பி 0335 என்ற எரர் கோடு வந்தது, அது கிராங்க் சென்சாருடையது. கிராங்க் சென்சார் மாற்றினேன், அதன்பிறகு தொல்லை இல்லை.

பழைய ஸ்பானர்:

தம்பி, இன்னும் எதையும் வாங்காதீர்கள். வண்டி எப்படி அணைந்தது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

கிராங்க் சென்சார் சூட்டில் விட்டுப்போனால் பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது. நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை அணைத்தது போல நிற்கும். நீங்கள் சொல்வது வேறு: முதலில் இழுவை குறைகிறது, திணறுகிறது, பிறகுதான் சாகிறது. அது பசியில் சாகிற என்ஜின். பெட்ரோல் போதவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. இன்னொருவருக்குச் சென்சார் சரியாக இருந்திருக்கலாம், உங்கள் அறிகுறி அதுவல்ல.

அடுத்த முறை அணைந்ததும் வண்டியை ஓரம் கட்டி, ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு மூன்று விஷயம் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது எழுகிறதா? பல வண்டிகளில் சென்சார் செத்திருந்தால் முள் அசையாமல் கிடக்கும். சாவியை ஆனில் வைத்ததும் பின்பக்கம் இரண்டு விநாடி 'ம்ம்ம்' என்று பம்ப் சத்தம் கேட்கிறதா? காலையில் கேட்பதுபோலவே இருக்கிறதா? பெட்ரோல் மூடியைத் திறந்தால் காற்று 'புஸ்' என்று பலமாக உள்ளே போகிறதா? அப்படிப் போனால் டேங்கின் காற்றுவழி அடைத்திருக்கலாம்.

முடிந்தால் பெட்ரோல் பிரஷரை அளக்கும் கேஜ் மாட்டி மேட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நிறுத்திவைத்து ஐடிலில் பார்ப்பது போதாது. ஐடிலில் என்ஜின் குடிக்கிற பெட்ரோல் மிகக் கொஞ்சம், நோஞ்சான் பம்ப் கூட அதைக் கொடுத்துவிடும்.

நீலக்கார்:

அண்ணா, நேற்று வேண்டுமென்றே அதே மேட்டுக்குக் கொண்டுபோனேன், நின்றது. முள் 200 பக்கம் துடித்தது. மூடியில் காற்றுச் சத்தம் இல்லை. பம்ப் சத்தம் கேட்டது, ஆனால் காலையில் கேட்கும் கூர்மை இல்லை, சோர்ந்துபோன சத்தம். இன்று மெக்கானிக் கேஜை மாட்டி, அது தெரியும்படி கண்ணாடிக்கு வெளியே ஒட்டிக்கொண்டு என்னோடு வந்தார். ஐடிலில் பிரஷர் 3.4 பார். மேட்டில் 1.9க்கு இறங்கியது. அப்படியானால் பம்ப்தானே? நாளைக்கே மாற்றச் சொல்லிவிடட்டுமா?

பழைய ஸ்பானர்:

பொறுங்கள். பிரஷர் குறைகிறது என்பது உறுதியாகிவிட்டது, ஏன் குறைகிறது என்பது இன்னும் தெரியவில்லை. பம்ப் தேய்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம், இல்லையென்றால் பம்புக்குப் போகிற கரண்டே குறைவாக இருக்கலாம். நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதுப் பம்பும் அதே மேட்டில் நிற்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

மல்டிமீட்டரால் பம்ப் கனெக்டரில், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் பாருங்கள். கனெக்டரைக் கழற்றி அளந்தால் லோடு இருக்காது, பழுதான வயரும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பிறகு இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து பம்ப் பிளஸ் வரை எவ்வளவு வோல்ட் தொலைகிறது, பம்ப் எர்த்திலிருந்து (கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் பக்கம்) பேட்டரி மைனஸ் வரை எவ்வளவு தொலைகிறது என்று. ஒரு பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் அங்கே கோளாறு. வண்டி சூடாகி, திணற ஆரம்பித்த பிறகு அளந்தால்தான் பலன்.

பெட்ரோல் வாடை அடித்தால் எதையும் தொடாதீர்கள். கதவுகளைத் திறந்துவையுங்கள், கனெக்டரின் பின்பக்கமாக முனையைச் செருகுங்கள், பொறி வரவிடாதீர்கள். பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கையே அளக்கச் சொல்லுங்கள்.

நீலக்கார்:

அண்ணா, கிடைத்துவிட்டது!

மெக்கானிக்தான் அளந்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். என்ஜின் சூடாக ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். பம்ப் கனெக்டரில் 9.4 மட்டுமே. பிளஸ் பக்கம் 0.3 தான் தொலைந்தது. எர்த் பக்கம் 4.2!

டிக்கியின் கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தோம். இடது டெயில் லாம்ப்புக்குக் கீழே பாடியில் முடுக்கியிருக்கும் எர்த் போல்ட் பச்சைப் பூத்துக் கிடந்தது. லாம்ப் ரப்பர் வெடித்து, மழைத் தண்ணீர் நேராக அதன் மேலேயே இறங்கியிருக்கிறது. உப்புத்தாள் போட்டு வெள்ளையாகத் தேய்த்து, வயர் முனையில் புது லக் (உலோக வளையம்) அடித்து முடுக்கினார். இப்போது எர்த் பக்கம் 0.1, பம்பில் 13.5. அதே மேட்டில் கேஜ் 3.3க்குக் கீழே இறங்கவில்லை. மூன்று முறை ஏறி இறங்கினேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. ஆறிய பிறகு ஏன் ஸ்டார்ட் ஆனது?

பழைய ஸ்பானர்:

மிக்க மகிழ்ச்சி தம்பி. பம்ப் ஓடும்போது நாலைந்து ஆம்பியர் இழுக்கும். அது துருப்பிடித்த இணைப்பு வழியாகப் போகும்போது அந்த இடமே சூடாகிறது, சூடாக ஆகத் தடையும் கூடுகிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். அதில் எர்த்தில் 3, 4 வோல்ட் போனால் பம்புக்கு மிஞ்சுவது ஆறோ ஏழோ, அதை வைத்துக்கொண்டு பம்ப் பிரஷர் கட்டாது. ஆறியதும் தடை குறைகிறது, வண்டி ஒன்றுமறியாததுபோல ஸ்டார்ட் ஆகிறது.

பம்ப் கனெக்டரின் பின்கள் பழுப்பேறியிருக்கின்றனவா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெயில் லாம்ப் ரப்பரை மழைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள், போல்ட் மேல் கொஞ்சம் கிரீஸும் தடவச் சொல்லுங்கள்.

நீலக்கார்:

பின்கள் சுத்தமாக இருக்கின்றன அண்ணா. ரப்பர் நாளைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு அந்த மேட்டு வழியாகவே போகிறேன்.