பழைய ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் லென்ஸை கமராவில் போட்டு யூவி (புற ஊதா ஒளி) படம் எடுக்கலாமா?

வாவிக்கரையான், மட்டக்களப்பு:
கல்லடிப் பக்கம் பழைய இரும்பு எடுக்கிற ஒருவரிடம், எங்கோ ஆய்வுகூடத்தில் கழித்துவிட்ட ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் (ஒரு பொருள் எந்த நிற ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) ஒன்று வாங்கினேன், கிலோக் கணக்கில்தான் நிறுத்துத் தந்தார். உள்ளே குவார்ட்ஸ் லென்ஸ் இரண்டு, குழிவாடி ஒன்று, கிரேட்டிங் (ஒளியை நிறநிறமாகப் பிரிக்கும் தகடு), டியூட்டீரியம் விளக்கு (யூவி ஒளி தருவது) எல்லாம் முழுசாக இருக்கின்றன. சூரியகாந்தியின் நடுவில் நம் கண்ணுக்குத் தெரியாத, தேனீக்குத் தெரிகிற கருவட்டம் இருக்கிறதே, அதைப் படம் பிடிக்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. பெரிய லென்ஸின் குவியத்தூரம் 100 மிமீ. எஸ்லோன் பைப்பில் பொருத்தி மிரர்லெஸ் கமராவில் போட்டேன். படம் விழுகிறது, ஆனால் சாதாரணப் படம்தான், அதுவும் ஓரமெல்லாம் கலங்கி. வேறு என்ன செய்ய வேண்டும்?

கல்முனைக் காக்கா:
தம்பி, லென்ஸை விடுங்கள், முதலில் கமராவைப் பாருங்கள். சென்சருக்கு முன்னால் ஒரு மெல்லிய கண்ணாடி இருக்கும், யூவியையும் அகச்சிவப்பையும் தடுப்பதே அதன் வேலை. அது இருக்கும் வரை எந்த லென்ஸ் போட்டும் பயனில்லை. அதைக் கழற்றி, யூவியை விடும் கண்ணாடி ஒன்றைச் சரியான தடிப்பில் போட வேண்டும், தடிப்பு மாறினால் ஃபோகஸ் பிசகும். ஃபிளாஷ் உள்ள கமரா என்றால் கவனம், அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கி நிற்கும், பெட்டரியைக் கழற்றினாலும் அடிக்கும்.
அப்புறம் ஃபில்டர். யூவியை விடும் யூஜி11 ஃபில்டரை மட்டும் போட்டால் 700 நானோமீட்டர் அலைநீளத்துப் பக்கம் சிவப்பு கசியும். சென்சர் யூவியைவிட அந்தச் சிவப்பைப் பல மடங்கு நன்றாக வாங்குவதால் கொஞ்சக் கசிவே படத்தை விழுங்கிவிடும். கூடவே அந்தச் சிவப்பை மறிக்கும் எஸ்8612 அல்லது பிஜி40 ஃபில்டர் தேவை. கசிகிறதா என்று பார்க்க, வெல்டிங் கடைகளில் இருக்கும் நிறமில்லாத பொலிகார்பனேட் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடியுங்கள். அது யூவியைத் தடுக்கும், ஆகவே படம் இருண்டு போக வேண்டும். இருளவில்லையா, நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பது யூவி இல்லை.

இருட்டறை:
காக்கா சொன்னது சரி. ஆனால் அந்தக் குவார்ட்ஸுக்காக மெனக்கெடுவது வீண் என்பேன். அந்த மெஷின் 190 நானோமீட்டரில் இருந்து அளக்கிறது, அதனால் அதற்குக் குவார்ட்ஸ் வேண்டும். வெளியில் வெயிலில் 300க்குக் கீழே ஒன்றும் வராது, ஓசோன் மறித்துவிடும். நமக்கு வேண்டியது 365 சுற்றுவட்டாரம், அதை வழக்கமான லென்ஸ்களில் இருக்கும் சாதாரண கிரவுன் கண்ணாடியே விடும். ஓரம் கலங்குவதும் ஒற்றைக் கண்ணாடியின் குணம்தான். மஞ்சள் ஒளியில் 100 மிமீ என்றால் 365இல் கிட்டத்தட்ட 96.6 மிமீ, கண்ணால் பார்த்து வைத்த ஃபோகஸ் யூவியில் மூன்றரை மிமீ தள்ளிப் போய்விடும். லைவ் வியூவில் ஃபில்டரோடு ஃபோகஸ் பண்ணி, கறுப்பு மட்டையில் சின்னத் துளை போட்டு முன்னால் வைத்தால் ஓரளவு தேறும்.
என்னைக் கேட்டால் டவுனில் பழைய ஸ்டூடியோக்களில் விசாரியுங்கள். இருட்டறை மூடிய பிறகு என்லார்ஜர்கள் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் கருவிகள்) மூலையில் தூசி பிடித்துக் கிடக்கும். அதில் ஈஎல்-நிக்கோர் 80 மிமீ எஃப்5.6, பழைய உலோக உடம்பு, கிடைத்தால் விடவேண்டாம், யூவி படம் எடுப்பவர்கள் தேடி வாங்குகிற லென்ஸ் அது. 39 மிமீ திரெட், ஆனால் ஃபோகஸ் வளையம் கிடையாது, பெல்லோஸ் (லென்ஸை முன்னே பின்னே நகர்த்தும் மடிப்புத் துருத்தி) ஒன்று தேட வேண்டும்.

சம்மாந்துறை லேப்:
டியூட்டீரியம் விளக்கை எரித்துப் பார்க்கலாம் என்று யாரும் ஆசைப்படாதீர்கள். எரிகிறபோது ஒன்றும் தெரியாது, சில மணித்தியாலம் கழித்துத்தான் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி எரியும். கிரேட்டிங்கின் முகத்தை விரலாலோ துணியாலோ தொடவே கூடாது, ஆடியின் அலுமினியப் பூச்சும் அப்படித்தான், காற்று ஊதித் தூசி எடுங்கள், போதும். எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். வாவிக் காற்றுக்கு பங்கஸ் பிடித்தால் பூச்சு போய்விடும்.

வாவிக்கரையான்:
நன்றி எல்லோருக்கும். விளக்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். ஸ்டூடியோப் பக்கம் போய் விசாரிக்கிறேன். வைட் பேலன்ஸ் (கமராவின் நிறச் சமநிலை) எதை வைத்துச் செய்வது? வெள்ளைத் தாள் சரிவருமா?

கல்முனைக் காக்கா:
தாள் வேண்டாம், அதில் வெள்ளையாய்த் தெரியப் போடும் ஒளிர்சாயம் யூவியை உறிஞ்சும். ஹாட்வெயார் கடையில் பைப்புக்குச் சுற்றும் வெள்ளை திரெட் டேப் வாங்கி, பல அடுக்காக ஒரு மட்டையில் சுற்றுங்கள், டெஃப்லான் யூவியை நன்றாகத் திருப்பும். படம் எடுப்பது உச்சி வெயிலில், காலை மாலை வெளிச்சத்தில் யூவி குறைவு.
பூ கிடைக்காவிட்டால் புல்தரையில் பறக்கிற சின்ன மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, யூரிமா ஹெகாபே, அதைப் பாருங்கள். ஆணின் சிறகு மேற்பக்கம் யூவியில் பளிச்சிடும், பெண்ணில் மிகக் குறைவு. செதில்களின் அமைப்பால் வருகிற ஒளி என்பதால் கோணம் மாறினால் மங்கிவிடும், ஒரே பக்கத்தில் நின்று எடுத்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பாதீர்கள்.