கணவர் முதலில், நான் பிறகு என்று ஓய்வு பெறுவது கணக்குக்குச் சரிவருமா?

கேள்வி

வணக்கம். எனக்கு 38 வயது, என் கணவருக்கு 41. இருவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறோம். குடும்ப வருமானத்தில் ஏறத்தாழ சரிபாதி என்னுடையது. ஒன்பது வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கடந்த பத்து ஆண்டுகளாக வருமானத்தில் பாதியைத் தொடாமல் சேமித்து வருகிறோம். வீட்டுக் கடனை அடைத்துவிட்டோம். குடியிருக்கும் வீட்டையும் மகளின் மேற்படிப்புக்கெனத் தனியே வைத்திருப்பதையும் சேர்க்காமல், எங்கள் ஓராண்டுச் செலவைப் போல் 14 மடங்குத் தொகை இன்று முதலீடுகளில் இருக்கிறது.

ஆண்டுச் செலவைப் போல் 25 மடங்கு சேர்ந்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்று எங்கோ படித்த நாள் முதல் அதுவே எங்கள் இலக்காக இருந்தது. இருவரும் ஒரே நாளில் ஓய்வு பெறுவோம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் இரவென்றும் விடுமுறையென்றும் பாராமல் அழைப்பு வரும் பணியில் 18 ஆண்டுகள் இருந்து உறக்கத்தையும் உடல்நலத்தையும் இழந்துவரும் என் கணவர், 45 வயதில் நிறுத்திக்கொள்ள விரும்புகிறார். எனக்கோ என் வேலை பிடித்திருக்கிறது. 52 வயது வரை தொடர விரும்புகிறேன். அவர் ஓய்வைத் தடுக்கவும் மனமில்லை, குடும்பத்தின் முழுப் பாரமும் என் ஒருத்தியின் சம்பளத்தில் நிற்பதை நினைத்தால் அச்சமாகவும் இருக்கிறது. 25 மடங்கு என்பது இருவருக்குப் போதுமா? ஒருவர் முன்னதாக விலகினால் கணக்கு எப்படி மாறும்? இந்த நிலையைக் கடந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

முதல் மறுமொழி

நீங்கள் கேட்டிருப்பதில் முதலில் அந்த 25 மடங்கை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அது எங்கிருந்து வந்தது என்று பாராமல் பலரும் அதைக் கையாளுகிறார்கள். வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் வெளியிட்ட ஆய்வுதான் அதன் வேர். சேமிப்பைப் பங்குகளிலும் அரசுக் கடன்பத்திரங்களிலுமாகப் பிரித்து வைத்து, முதல் ஆண்டில் அதில் 4 சதவீதத்தை எடுத்து, அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பணவீக்கத்துக்கு ஏற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனால், 1926 முதலான அமெரிக்கச் சந்தை வரலாற்றில் எந்த ஆண்டில் ஓய்வு பெற்றிருந்தாலும் பணம் குறைந்தது 30 ஆண்டுகள் தாங்கியிருக்கும் என்று அவர் கண்டார். 4 சதவீதத்தைத் திருப்பிப் போட்டால், அதாவது 100-ஐ 4-ஆல் வகுத்தால், 25 மடங்கு. ஆகவே அது ஒரு நாட்டின் சந்தையையும் 30 ஆண்டு ஓய்வையும் வைத்துப் போட்ட கணக்கு; 65 வயதில் ஓய்வு பெறுபவருக்குப் பொருந்தும் அளவுக்கு 45 வயதில் பெறுபவருக்குப் பொருந்தாது.

உங்கள் பணம் 30 ஆண்டுகள் அல்ல, 45 அல்லது 50 ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கும். அதிலும் இருவராக இருப்பதால் காலம் மேலும் நீளும். ஒரு பேச்சுக்கு, 85 வயதைத் தொடும் வாய்ப்பு ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால், இருவரில் ஒருவராவது அந்த வயதைத் தொடும் வாய்ப்பு நான்கில் மூன்றாகிவிடுகிறது. அதனால் முதலாண்டில் 3 முதல் 3.5 சதவீதம் மட்டுமே எடுக்கலாம் என்று வைத்து, 29 முதல் 33 மடங்கை இலக்காகக் கொள்வது எனக்கு நிம்மதியாகத் தோன்றுகிறது.

இனி உங்கள் கணக்கு. பணவீக்கம் போக முதலீடுகள் ஆண்டுக்கு 3 சதவீதம் வளரும் என்று அடக்கமாக வைத்துக்கொள்கிறேன். வருமானத்தில் பாதியைச் சேமிக்கிறீர்கள் என்றால், ஆண்டுதோறும் ஒரு மடங்கு சேர்கிறது என்று பொருள். இருவரும் இப்படியே தொடர்ந்தால் சுமார் 7 ஆண்டுகளில் 25 மடங்கையும் 10 ஆண்டுகளில் 30 மடங்கையும் எட்டுவீர்கள். உங்கள் கணவர் நான்கு ஆண்டுகளில் விலகினால் அப்போது கையில் 20 மடங்கு இருக்கும். உங்கள் சம்பளம் வீட்டுச் செலவுக்குச் சரியாகப் போய்விடும் என்பதால் புதிதாக எதுவும் சேராது. ஆனால் சேர்ந்ததை எடுக்கவும் வேண்டியதில்லை. அந்த 20 மடங்கு தானாக வளர்ந்து, உங்களுக்கு 52 வயதாகும்போது 27 மடங்கை ஒட்டி நிற்கும். அன்று அவருக்கு 55 வயது. 30 மடங்கே வேண்டும் என்று உறுதியாக இருந்தால் நீங்கள் இன்னும் மூன்று நான்கு ஆண்டுகள் தொடர வேண்டும், அல்லது அவர் ஏதேனும் பகுதி நேர வேலையில் வீட்டுச் செலவில் நான்கில் ஒரு பங்கை ஈட்டினால் போதும்.

ஒருவர் சம்பளம் தொடர்வதில் நீங்கள் கவனிக்காத ஒரு பெரிய நன்மையும் இருக்கிறது. ஓய்வின் முதல் சில ஆண்டுகளில் சந்தை சரிவதுதான் முன்கூட்டி ஓய்வு பெறுபவருக்கு வரும் பேராபத்து. 100 இருப்பவர் 4 எடுத்துச் செலவழித்த பின் சந்தை 30 சதவீதம் விழுந்தால், மிஞ்சுவது 67 சொச்சம். அடுத்த ஆண்டு அதே 4-ஐ எடுப்பது ஏறக்குறைய 6 சதவீதத்தை எடுப்பதாகிவிடும். பிறகு சந்தை மீண்டாலும், விற்றுத் தீர்ந்த பங்குகள் மீளாது. வீட்டில் ஒரு சம்பளம் வந்துகொண்டிருந்தால் அந்த ஆண்டுகளில் எதையும் விற்காமல் காத்திருக்கலாம். ஆகவே நீங்கள் அஞ்சும் ஏற்பாடு, இருவரும் ஒரே நாளில் விலகுவதைவிட ஒரு வகையில் பாதுகாப்பானது. உங்கள் இருவர் பெயரிலும் போதிய ஆயுள் காப்பீடும், வேலையளிப்பவரைச் சாராத மருத்துவக் காப்பீடும் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

இரண்டாவது மறுமொழி

மேலே எழுதியவர் காப்பீட்டை ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் அந்த இடத்தில்தான் நிற்க விரும்புகிறேன்.

நாங்களும் இருவருக்குமாகத் திட்டமிட்டு, எங்கள் இலக்கை எட்டி, என் கணவரின் 50-ஆவது வயதில் சேர்ந்தே ஓய்வு பெற்றோம். மூன்று ஆண்டுகளில் அவர் காலமானார். பணம் போதுமான அளவு இருந்தது. ஆனால் அது எங்கே, எந்தப் பெயரில், எந்தக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. துக்கத்தின் நடுவே காகிதங்களைத் தேடி எடுத்து, ஒவ்வொரு கணக்கையும் என் பெயருக்கு மாற்ற ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அவர் ஒளித்து வைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். கணக்கு வழக்கு அவர் வேலை என்று இருவருமே விட்டுவிட்டோம்.

இன்னொன்று, ஒருவர் போய்விட்டால் செலவு பாதியாகக் குறைவதில்லை. வீட்டைப் பராமரிக்கும் செலவும் மின்கட்டணமும் காப்பீட்டுத் தவணைகளும் ஒருவருக்காகக் குறைந்துவிடாது. குடும்பங்களின் வருமானத்தை ஒப்பிட ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) பயன்படுத்தும் ஓர் அளவுகோலின்படி, இருவர் வாழ ஆகும் செலவில் ஏறத்தாழ 70 சதவீதம் தனியொருவருக்கு வேண்டும். என் அனுபவமும் அதை ஒட்டியதே. எனவே தயவுசெய்து, உங்கள் இருவரில் யார் தனித்து நின்றாலும் வாழ்க்கை ஓடுமா என்ற கணக்கையும் போடுங்கள். வாரிசு நியமனங்களும் உயிலும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது மறுமொழி

உங்கள் கணவரின் இடத்தில் இருப்பவன் நான். ஆறு ஆண்டுகளுக்கு முன் 44 வயதில் வேலையை விட்டேன். மனைவி இன்னும் பணியில் இருக்கிறார்.

எங்களுக்குக் கடினமாக இருந்தது பணம் அல்ல. வேலையை விட்ட சில மாதங்களில், ஒரு சட்டை வாங்கக்கூட அவரிடம் சொல்லிவிட்டு வாங்க வேண்டும் என்ற கூச்சம் எனக்கு வந்துவிட்டது. அவர் ஒரு நாளும் கணக்குக் கேட்டதில்லை, ஆனாலும் வந்தது. மாதந்தோறும் இருவருடைய தனிக் கணக்குகளுக்கும் ஒரே அளவு தொகை போகட்டும், அதைப் பற்றி மற்றவர் கேட்கக் கூடாது என்று ஏற்பாடு செய்துகொண்ட பிறகே அது நீங்கியது. வீட்டு வேலையையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வீட்டில் இருப்பவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று அவரும், முன்போலவே பகிர்ந்துகொள்வோம் என்று நானும் சொல்லிக்கொள்ளாமலே எதிர்பார்த்திருந்தோம்.

விலகுவதற்கு முன் ஆறு மாதங்கள் ஒரு சம்பளத்தில் மட்டும் குடும்பம் நடத்தி, மற்றதை முழுவதும் முதலீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். நாங்கள் அப்படிச் செய்தபோதுதான், ஆண்டுக்கொரு முறை வரும் செலவுகளை எங்கள் பட்டியலில் விட்டுவிட்டிருந்தது தெரிந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு மகள் உறங்கிய பின் இருவரும் அமர்ந்து இந்த மறுமொழிகளை வரிவரியாகப் படித்தோம். கணவர் 45-இல் விலகுவது என்றும், அதன் பின் இரண்டு ஆண்டுகள் முழு ஓய்வு எடுத்துக்கொண்டு, உடல்நிலை தேறினால் பகுதி நேரமாக ஏதேனும் செய்வது என்றும் பேசியிருக்கிறோம். 30 மடங்கா 27 மடங்கா என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. அவர் 27 போதும் என்கிறார், நான் 30 என்கிறேன். அதற்கு நேரம் இருக்கிறது.

இரண்டாவது மறுமொழியைப் படித்து முடித்தபோது என் கணவர்தான் முதலில் எழுந்தார். எங்கள் வீட்டில் முதலீடுகளைப் பார்த்துக்கொள்பவள் நான். ஒரு கணக்கின் கடவுச்சொல்கூட அவருக்குத் தெரியாது. அவர் ஒரு நோட்டை எடுத்து வந்தார், நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். பாதிதான் முடிந்தது. மீதியை இன்றிரவு எழுதுகிறோம். ஒரு சம்பளத்தில் வாழும் ஆறு மாதங்களை அடுத்த மாதம் முதல் தொடங்குகிறோம்.