புதுப்பிப்பு: அப்பாவின் காய்ச்சலுக்குக் காரணம் தெரிந்துவிட்டது

வெடித்த குடல்வாலை (அப்பெண்டிக்ஸ்) எடுத்து ஒரு வாரம் ஆகியும் அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் விடவில்லை என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அல்ட்ராசவுண்டில் குடல் வாயு மறைத்ததால் ஒன்றும் பிடிபடவில்லை. நரம்பில் மருந்து ஏற்றி எடுத்த சிடி ஸ்கேனில்தான் இடுப்புக்குழியில் 6 செ.மீ. சீழ்க்கட்டி தெரிந்தது.

நல்லவேளை, மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேன் பார்த்தபடியே மெல்லிய குழாயைச் செருகிச் சீழை வடித்தார்கள். இவ்வளவு பெரிய கட்டிக்குள் ஆன்டிபயாடிக் போதுமான அளவு போய்ச் சேராது, வடித்தே ஆக வேண்டும் என்றார் டாக்டர். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கும் சீழை அனுப்பினார்கள், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா வளர்ந்தது, மருந்தை அதற்கேற்ப மாற்றினார்கள்.

இரண்டாம் நாளே காய்ச்சல் இறங்கியது. அப்புறம் கஞ்சி கேட்டுக் குடித்தார், எனக்கு அழுகையே வந்துவிட்டது. குழாய் இன்னும் இருக்கிறது. நேற்று வடிந்தது 15 மி.லி.; இன்னும் குறைந்ததும் எடுத்துவிடுவார்களாம். அந்தப் பதிவைப் பார்த்து, சிடி எடுக்கச் சொல்லி வற்புறுத்தியவருக்கு மனதார நன்றி.