ஸ்லீவ் செய்தும் நிறை திரும்ப ஏறுது
பரந்தன் பக்கம் கடை வைச்சிருக்கிறன். 2021இல ஸ்லீவ் எண்ட சத்திரசிகிச்சையால இரைப்பையைச் சுருக்கினது. 118 கிலோ 79 ஆச்சு, இப்ப 91. இடக்கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. நிறை ஏற பொய்க்கால் இறுகிப் புண் வருது. புண் வந்தா நடக்கேலாது, நடக்காட்டி இன்னும் ஏறுது. சோறு ஒரு அகப்பைதான். தயவுசெய்து "நடவுங்கோ" எண்டு சொல்லாதேங்கோ.

— அக்கா, சோத்தை விடுங்கோ. தேத்தண்ணி எத்தினை?

— ஐஞ்சு. சீனி ரெண்டு கரண்டி. பக்கத்தில மிக்சர் போத்தல். (கடைக்காரிக்கு வேற என்ன பொழுதுபோக்கு!)

— பத்துக் கரண்டி சீனியே கிட்டத்தட்ட 160 கலோரி. சுருக்கின வயிறு சோத்தைத் தடுக்கும், இனிப்புத் தண்ணியையும் மிக்சரையும் தடுக்காது. முதல் மீன், முட்டை, பயறு, பிறகுதான் சோறு. ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேணும். சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழிச்சுத் தண்ணி. பி12, இரும்புச்சத்தும் பாருங்கோ.

— அக்கா, நானும் நடக்கிறேல்லை, சக்கர நாற்காலிதான். உடற்பயிற்சிக்குத் தண்ணிப் போத்தல் ரெண்டைத் தூக்கி இறக்கிறன், மூச்சு வாங்கும். புண் ஆறுமட்டும் பொய்க்காலைப் போடாதேங்கோ, அதில கால் பொருந்திற கிண்ணத்தை மாத்தி அளவெடுக்கச் சொல்லுங்கோ.

— மிக்சர் போத்தலை மேல்தட்டில வைச்சிட்டன். எட்டாது.